ஆறுக்குட்டி காரை மட்டமாக்கிய கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். கற்பூரம் வேண்டுமானால் ஏற்றிக் கொண்டுவாருங்கள், கையாலேயே அணைக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

கோணக்காட்டுப்புதூர் ஆறுக்குட்டியிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. தினமும் தன் மேல்துண்டால் அதைத் துடைப்பார். அதைத் துடைக்க வைத்திருந்த துணியில் தன் முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவருக்கு ராக்கியப்பன், திருமூர்த்தி என்று இரண்டு தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரு மூளை கொடுத்திருந்தான். அதை யார் கடைசியாக எடுத்தது என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு.

விடிந்தால் ஆறுக்குட்டியின் கொழுந்தியாளுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். மூத்த மருமகனுக்கான மரியாதை அது. ஆனால் அழைப்பு நாள் காலையிலிருந்து கியர் போட்டால் கார் கடகடவென்று பல்லைக் கடித்தது. கார் வராவிட்டால் அந்த மரியாதை இரண்டாவது மருமகனுக்கு, அதாவது ஆறுக்குட்டியின் சகலைக்குப் போய்விடும். சகலை தன் புதுக் காரை அப்போதே மண்டபத்து வாசலில், மாலை கட்டத் தோதாக நிறுத்திவைத்திருந்தான்.

மெக்கானிக் சிக்கந்தர் பாய் வெளியூரில் இருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டார். கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். "மொதல்ல வண்டி மட்டமா இருக்கோணும். அதுதான் முக்கியம். அப்புறம் அடியில படுத்து, பெட்டிக்குப் பக்கவாட்டுல இருக்கற திருகைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. விரல்ல எண்ணெய் தொட்டாச் சரி. தொடலைன்னா வழியற வரைக்கும் ஊத்துங்க."

போனை வைத்த ஆறுக்குட்டியின் முகம் வாடிவிட்டது. எண்ணெய் ஊற்றுவது ஒரு வேலையா, கடையில் வாங்கிய இரண்டு லிட்டர் கையிலேயே இருந்தது. ஆனால் பதினெட்டு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த காரை மட்டமாக்குவது எப்படி?

"நம்ம வண்டி மட்டமாத்தான் இருக்குதோ என்னமோ. யாரையாச்சும் கேட்டுப் பாக்கலாம், அண்ணா" என்றான் ராக்கியப்பன்.

தெருவில் போன வாத்தியாரைக் கேட்டார்கள். நல்லா வெச்சிருக்கீங்க என்றார் அவர். மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பால்காரரைக் கேட்டார்கள். இந்த மாதிரி வண்டி இப்ப எங்கே கிடைக்குது என்று அவரும் கெடுத்துவிட்டுப் போனார்.

வேறு வழியில்லை, நாமே மட்டம் தட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. தம்பிகள் காரின் இரண்டு பக்கமும் நின்று ஆரம்பித்தார்கள். உன் ஹாரன் சளி பிடித்த ஆடு மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். உன்னைவிடக் குப்பை வண்டி லட்சணமாக இருக்கும் என்றான் மற்றவன். ஆறுக்குட்டி சுவர்ப் பக்கம் திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டார். ஒரு கட்டத்தில் தாங்கமுடியாமல் வந்து பக்கக் கண்ணாடியருகே குனிந்து, "எதையும் மனசுல வெச்சுக்காத, சாயங்காலம் மாலை போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் தேங்காய் பொறுக்கப் போன ஒரு கிழவர் நின்று பார்த்துவிட்டு, "ஏப்பா, இதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார். மூவரும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். வண்டி மட்டமாகிவிட்டது.

அடியில் படுத்துத் திருகைக் கழற்றியதும் அடுத்த விவகாரம் எழுந்தது. எந்த விரல்? திருமூர்த்திதான் தெளிவாக்கினான். பாய் விவரமான ஆள். சுண்டு விரல் என்றால் சுண்டு விரல் என்று சொல்லியிருப்பார். வெறுமனே விரல் என்றால் அதில் பெரிய விரல்தான். ஆறுக்குட்டி கட்டை விரலை வைத்தார். அது போகவில்லை. தம்பிகள் அவர் முழங்கையைப் பிடித்துத் தள்ளினார்கள். போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

"எண்ணெய் தொடுதாங்கண்ணா?"

"எண்ணெய் தொட்டிருந்தா விரல் வழுக்கிட்டு வந்திருக்குமே."

அப்போ எண்ணெய் இல்லை என்று சோதனையை முடித்தார்கள். இனி ஊற்ற வேண்டும். ஊற்றுகிற ஓட்டையிலோ அண்ணன் இருந்தார். பெட்டிக்கு அடியில் இன்னொரு திருகு இருப்பதைக் கண்ட திருமூர்த்தி அதைக் கழற்றினான். கறுப்பாக, அழுகின முட்டை வாடையோடு ஒரு படி அவன் முகத்தில் கொட்டியது.

"எண்ணெய் மாதிரி இருக்குதே" என்றான் அவன், துப்பிக்கொண்டே.

"எண்ணெய்தான் இல்லைன்னு முடிவாயிருச்சே. இது வேற என்னமோ" என்றார் ஆறுக்குட்டி.

மணி மூன்று. மறுபடி போன் போட்டுக் கேட்டதும், விரலை வெளியே எடுங்க என்று பாய் கத்தினார். விரலைப் பெட்டியிலிருந்து எடுக்கமுடியாது. ஆனால் பெட்டியைக் காரிலிருந்து எடுக்கலாம், அப்போது விரலும் வெளியே வந்ததாகத்தானே கணக்கு? ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள். கழற்றுவதில் அந்தக் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. மாட்டுவதுதான் யாருக்கும் வராது. பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அடித் திருகு இருந்த ஓட்டை வழியாக எண்ணெயை வழியும் வரை ஊற்றித் திருகை மூடினார்கள். பாய் சொன்னதில் ஒன்றுகூடப் பாக்கியில்லை. மாட்ட மட்டும் நேரமில்லை.

ஐந்து மணிக்கு மாலை போட்ட கார் கோயில் வாசலில் நின்றது. சொந்தக்காரர்கள் பதினாறு பேர் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். திருமூர்த்தி ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தான். சத்தமே இல்லாத வண்டி என்று மாப்பிள்ளை மெச்சிக்கொண்டார். காருக்கு முன்னால் ராக்கியப்பன் சும்மாடு கட்டி கியர் பெட்டியைத் தலையில் சுமந்தான். பக்கத்தில் ஆறுக்குட்டி ஒரு கையைத் தூக்கி, விரலை அதற்குள் வைத்தபடி ஆசீர்வாதம் செய்கிறவர் மாதிரி நடந்தார். கரியும் பிசுக்கும் கண்டு கூசிப்போன அவர் மனைவி பூவாத்தாள் பெட்டிமேல் ஒரு பட்டுத் துண்டைப் போர்த்திவிட்டாள்.

அதுதான் வினையாயிற்று. மேளத்தோடு, பட்டுப் போர்த்தி, தலைச்சுமையாக வருவதைக் கண்ட மாப்பிள்ளையின் அம்மா, இதுதான் பெரிய சீர் என்று நினைத்து ஆரத்தி எடுத்துவிட்டார். பெட்டிக்கும் ஆறுக்குட்டிக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தார்கள். இரண்டும் மேடையில் மற்ற சீரோடு, பீரோவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டன. சகலை தன் புதுக் காருக்குள் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் சீரை டெம்போவில் ஏற்றினார்கள். கட்டில், பீரோ, குத்துவிளக்கு, கியர் பெட்டி, ஆறுக்குட்டி. பூவாத்தாள் ஓடிவந்து, பெட்டியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

"சபையில வாங்குன சீரைப் பாதி பாதியாத் திருப்பிக் குடுக்கறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ராக்கியப்பன் டெம்போவின் பின்பக்கம் தொற்றி ஏறி, விரலை எப்படியாவது பிடுங்கிவிடலாம், இறங்குங்கள் அண்ணா என்று கெஞ்சினான். ஆறுக்குட்டி அவனைக் கிட்டே இழுத்து மெதுவாகச் சொன்னார்:

"விரல் நேத்து ஆரத்தி எடுக்கறப்பவே வழுக்கிட்டு வந்திருச்சுடா. நான்தான் மறுபடி உள்ள வெச்சிருக்கறேன். சகலை கட்டில் குடுத்தான். ஆளையே குடுத்தது நம்ம வீடுதான். இப்ப இறங்கினா சீர் குறைஞ்சிரும். நீ போய் அண்ணிக்கு ஒத்தாசையா இரு."

டெம்போ கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டில் அவரைக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே வைத்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள், நல்ல சாப்பாடு.

சொன்னது யாரென்று கேட்டால் மட்டும் என் பெயரை எடுக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு ஆள் என்று சொல்லிவிடுங்கள். வருகிற தையில் திருமூர்த்திக்குக் கல்யாணம், எனக்குப் பத்திரிகை வந்திருக்கிறது.