மந்திரி கண்டுபிடித்த விறகுச் சிக்கனம்

மேகமங்கலம் என்று ஒரு மலை ராஜ்ஜியம். மார்கழி பிறந்தால் அங்கே குடத்துத் தண்ணீர் மேல் பனி ஏடு கட்டிக்கொள்ளும். ராஜா வீரகேதுவுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் தெரியாது. அரண்மனைத் தரைக்கு அடியில் ஒரு பெரிய அடுப்பு எரியும். அதன் சூடு குழாய் வழியாக எல்லா அறைக்கும் போகும். ராஜாவின் அறைக்குப் போகட்டும், ராணியின் அறைக்கும் போகட்டும். ஆளே இல்லாத விருந்தினர் மாளிகைக்கும் போகும். அங்கே கொசு குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

சூடு தாங்காமல் ராஜாவுக்கு வியர்த்தால்? அடுப்பைக் குறைக்கச் சொல்லலாம். ஆனால் ராஜா ஆயிற்றே! சன்னலைத் திறக்கச் சொல்வார். விசிறி போட இரண்டு பெண்களை நிறுத்துவார். மார்கழியில் விசிறி!

அந்த வருஷம் விறகுச் செலவு கஜானாவையே தின்றது. ராஜா மந்திரி அனந்தப்பரைக் கூப்பிட்டார்.

"செலவு பாதியாக வேண்டும். ஆனால் எனக்கு மட்டும் சுகம் குறையக் கூடாது. என்ன வழி?"

இப்படிக் கேட்டால் இப்படித்தான் வழி சொல்வார்கள்.

"சுலபம் மகாராஜா. ஊர் சனங்கள் வீட்டுக்கு வீடு தணல் சட்டி வைத்திருக்கிறார்கள். மலையில் பிறந்த உடம்பு, அவர்களுக்கு ஏது குளிர்? எல்லாம் சொகுசு. அந்தச் சட்டிகளை அணைத்துவிட்டால் காட்டு விறகு பூராவும் நமக்குத்தான்."

சபையில் சொக்கேசன் இருந்தான். வாய்ச் சாமர்த்தியத்தால் சாப்பிடுகிறவன். அன்றைக்கு அவனுக்கு வாய் உலர்ந்து போயிற்று. அவன் மனைவி பவளாயி பிள்ளை பெற்று நான்காம் நாள். கட்டிலுக்கு அடியில் தணல் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் மருந்து, அதுதான் காவல். பச்சை உடம்பில் குளிர் ஏறினால் என்ன ஆகும் என்று மந்திரிக்கு எங்கே தெரியப் போகிறது? அவர் பிள்ளையா பெற்றார்?

கெஞ்சினால் ராஜா கேட்கமாட்டார் என்று சொக்கேசனுக்குத் தெரியும். அதனால் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டான்.

"மந்திரியாரே, நிஜமாகவே ஒருத்தருக்குக் குளிர்ந்தால்?"

"குளிர்ந்தால் சட்டியை வைத்துக்கொள்ளட்டும். நாங்கள் என்ன இரக்கம் இல்லாதவர்களா?"

"யாருக்குக் குளிர்கிறது என்று காவலர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

"இதுகூடவா தெரியாது? குளிர்கிறவன் கம்பளி போர்த்தியிருப்பான். போர்த்தாமல் இருக்கிறவனுக்குக் குளிரவில்லை. நெருப்பை அணைத்துவிட வேண்டியதுதான்."

கம்பளி வாங்க வக்கில்லாதவன் என்ன செய்வான் என்று சபையில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோரும் 'ஆகா' என்றார்கள். சொக்கேசன் வீட்டில் இருந்ததே ஒரு கம்பளி. அதையும் பிள்ளைக்குச் சுற்றியிருந்தார்கள். பவளாயி வெறும் சேலையோடு தணலை நம்பிக் கிடந்தாள்.

"அருமையான சட்டம்! எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம்தானே மகாராஜா?" என்றான் சொக்கேசன்.

"என் ஆட்சியில் ஒரு வீட்டுக்கு ஒரு நியாயமா? எல்லா வீட்டுக்கும்தான்!" என்று ராஜா மீசையை முறுக்கி முத்திரை குத்தினார்.

காவல் தலைவன் உடும்பன் தண்ணீர்க் குடங்களோடு ஆட்களைத் திரட்டினான். சொன்னதைச் செய்வானே தவிர யோசிக்கமாட்டான். சொக்கேசன் அவனிடம் போனான்.

"அண்ணே, எந்த வீட்டிலிருந்து ஆரம்பம்?"

"உன் தெருவிலிருந்துதான்."

"அவ்வளவு தூரம் குடத்தைத் தூக்கிக்கொண்டா? பக்கத்திலேயே ஒரு வீடு இருக்கிறது. ஊரிலேயே பெரிய நெருப்பு அங்கேதான். கம்பளி போர்த்தின ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது."

"யார் வீடு?"

"வா, காட்டுகிறேன்."

ராஜா மெல்லிய மல் வேட்டியில், திறந்த மார்போடு, விசிறிக் காற்றில் சாய்ந்திருந்தார். உடும்பன் எட்டிப் பார்த்தான். கம்பளி இல்லை. விருந்தினர் மாளிகையைப் பார்த்தான். கம்பளியும் இல்லை, ஆளும் இல்லை. நேரே கீழே போனான். அடுப்பில் குடம் குடமாகக் கவிழ்த்தான்.

கொஞ்ச நேரத்தில் ராஜாவின் பல் தந்தி அடித்தது.

"எவன் அணைத்தான்?"

"உங்கள் முத்திரை மகாராஜா," என்றான் உடும்பன். "போர்த்தாதவருக்குக் குளிராதாமே."

"குளிர்கிறதடா! முதலில் நெருப்பை மூட்டு!"

"கம்பளி போர்த்துங்கள். உடனே மூட்டுகிறேன்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஒரு தடித்த கம்பளி வந்தது. சொக்கேசன் சன்னல்களைச் சாத்திவிட்டு, கம்பளியை ராஜாவின் கழுத்துவரை சுற்றிவிட்டான். உடும்பன் கீழே கொண்டுபோக விறகைக் கையில் அடுக்கினான்.

"இப்போது எப்படி இருக்கிறது மகாராஜா?"

"அடேயப்பா! கதகதப்பாகத்தான் இருக்கிறது."

"குளிர்கிறதா?"

"இல்லையே."

"உடும்பண்ணே, விறகை இறக்கி வைத்துவிடு. மகாராஜாவுக்குக் குளிரவில்லையாம். கம்பளி போர்த்தாமல் இருந்தபோதுதான் நெருப்பில்லாமல் நடுங்கினார். ஊரிலும் அப்படித்தான் மகாராஜா. என் வீட்டில் பிள்ளை பெற்றவள் போர்த்தாமல் கிடக்கிறாள். அவள் தணலை அணைக்க உடும்பண்ணன் இப்போது கிளம்பப் போகிறார்."

 ராஜா கம்பளிக்குள்ளிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உடும்பா, ஊருக்குள் ஒரு சட்டியைத் தொடக் கூடாது. இங்கே சின்ன நெருப்பாகப் போடு, என் அறைக்கு மட்டும். சொக்கேசா, நீ கேட்பதைத் தருகிறேன்."

"பவளாயிக்கு ஒரு கம்பளி போதும் மகாராஜா."

"பத்து எடுத்துப் போ!"

மந்திரி மெல்ல நழுவப் பார்த்தார்.

"மந்திரியாரே, நில்லும். யாருக்குக் குளிர்கிறது, யாருக்குக் குளிரவில்லை என்று பார்த்தவுடனே சொல்கிறீரே, அந்தத் திறமை வீணாகலாமா? இன்றுமுதல் என் பக்கத்திலேயே நில்லும். எனக்கு வியர்த்தால் கீழே ஓடி விறகைக் குறைத்துவிடும். நான் நடுங்கினால் ஓடிப்போய் ஒரு கட்டை போடும். நான் வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்துவிடும்."

"மகாராஜா, அத்தனை படியும் ஏறி இறங்கினால்..."

"குளிரே தெரியாது," என்றான் சொக்கேசன். "உங்களுக்கு நெருப்புச் செலவும் மிச்சம்."