மூக்கடைச்ச விமானம்

ஒரு ஊர்ல ஒரு குட்டி விமானம் இருந்துச்சாம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி தூக்கிட்டுப் போற விமானம். ஓட்டுறது சகாயராணி. கழுவித் துடைச்சுப் பாத்துக்கிறது இருளப்பன். ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ம்.

விமானத்துக்குக் கண்ணு கிடையாதுடா குட்டி. ரெக்கைக்கு அடியில முன்னாடி பாத்த மாதிரி ஒரு குழல், அது வாய். ரெண்டு விலாவுலயும் குண்டூசி கனத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டை, அது மூக்கு. உயரம் காட்டுற டயலுக்குள்ள பூரி மாதிரி ஒரு தகர டப்பி இருக்கும். மேல போகப் போக காத்து லேசாயிடும்ல? அந்த லேசுக் காத்து மூக்கு வழியா வந்ததும் பூரி புஸ்ஸுனு உப்பும், முள்ளு நகரும். வேகம் எப்படித் தெரியும்? வாயில வந்து மோதுற காத்து எவ்ளோ தள்ளுது, மூக்குல சும்மா நிக்கிற காத்து எவ்ளோ தள்ளுது, அந்த வித்தியாசம்தான் வேகம். ஆக, ரெண்டுக்குமே மூக்கு வேணும்.

ம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. இருளப்பன் விமானத்தைக் குளிப்பாட்டி, மாவிலை கட்டி, சந்தனத்தைக் குழைச்சுக் குழைச்சுப் பொட்டு வச்சாரு. அந்த மூக்கைச் சுத்தி வட்டமா ஒரு தகடு பளபளன்னு இருக்கும். பொட்டுக்குன்னே செஞ்ச இடம் மாதிரி! அங்கயும் அப்புனாரு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. அது மூக்குன்னு அவருக்குத் தெரியும். பக்தியில கை மறந்துடுச்சு.

மறுநாள் காலைல மேகம் இறங்கிட்டிருக்கு. சகாயராணி ஓட்டமா வந்தா. கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஓட்டையா தொட்டுப் பாக்கணும். "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி சோடிச்சு வச்சிருக்கீங்க!"ன்னு சிரிச்சா. "மேகம் மூடுது தாயி, சட்டுனு ஏறு"ன்னாரு. அவளும் தொடாமலே ஏறிட்டா.

கடகடகட, விர்ர்ர்ருன்னு மேல போச்சு. மேகத்துக்குள்ள நுழைஞ்சுடுச்சு. எங்க பாத்தாலும் வெள்ளை. அப்போ பாத்தா, உயர முள்ளு தரையிலயே நிக்குது. டொக் டொக்குன்னு தட்டினா, அசையலை. அப்புறம் வேக முள்ளு சரசரன்னு இறங்குது. நெசமா வேகம் குறையலைடா, முள்ளு பொய் சொல்லுது. அவளுக்கு அது எப்படித் தெரியும்? வேகம் போனா விமானம் கல்லு மாதிரி விழுந்துடும். பயந்து போய், வேகம் கூடட்டும்னு விமானத்தைக் கீழ குனிய வச்சா. எவ்ளோ கீழ வந்தோம்? அதைச் சொல்றதுக்கும் முள்ளு இல்லை.

"இருளப்பண்ணே, உயர முள்ளு செத்துக் கிடக்கு"ன்னா ரேடியோவுல.

கீழ ரேடியோவைப் பிடிச்சிருந்த அவருக்கு அப்பத்தான் பொட்டு ஞாபகம் வந்துச்சு. "அய்யோ தாயி, மூக்கு மேலயே பொட்டு வச்சுட்டேன்!"

"அழாதீங்கண்ணே. இப்ப நான் என்ன பண்ண?"

"ஏத்த இறக்கம் காட்டுற டயல் கண்ணாடியை உடை! எல்லா டயலுக்கும் மூக்குல இருந்து ஒரே குழாய்தான். நீ உக்காந்திருக்கிற இடத்துக் காத்து அதுவழியா போனா பூரி முழிச்சுக்கும்!"

ம்.

டமால்! உடையலை. டமால்! உடையலை. டமால்... சிலீர்!

"அசையுதுண்ணே! முள்ளு ஓடுது!"ன்னு சந்தோஷத்துல கத்தினா.

"எவ்ளோ காட்டுது?"

"எழுநூறு அடி."

முன்னாடி நிக்கிற மலையே தொள்ளாயிரம் அடி. "தூக்கு தாயி, தூக்கு!"

தூக்கினா. "எழுநூத்தம்பது... எண்ணூறு... எண்ணூத்தி இருபது..."ன்னு சொல்லிட்டே வந்தா. அப்புறம் சொல்லலை.

ம்?

மோதிடுச்சுடா. இல்லைடா தங்கம், பொழைக்கலை.

எல்லாரும் மலைப் பக்கம் ஓடினாங்க. இருளப்பன் மட்டும் ரேடியோவை விடலை. "எண்ணூத்தி முப்பது... சொல்லு தாயி... எண்ணூத்தி நாப்பது..."ன்னு அவரே எண்ண ஆரம்பிச்சாரு. தொள்ளாயிரம் வந்துச்சு. நிறுத்தலை. மலையைத் தாண்டி, ஆயிரம் அடி வரைக்கும் அவளை ஏத்திட்டுப் போனாரு.

அவ்ளோதான்டா, கதை அங்கயே நின்னுடுச்சு. போர்வைய இழுத்துக்கோ. கண்ணை மூடு.