கம்பெனி லாரியும் கேள்வி கேட்ட நீர்நாயும்

செம்பகம் என்ற நீர்நாய் காட்டுத் தண்ணீர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது. அந்தக் கோடையில் பள்ளத்துக் குட்டைகள் எல்லாம் வற்றிப்போயிருந்தன. மேட்டு ஆற்றிலிருந்து தினமும் லாரியில் தண்ணீர் போனால்தான் பள்ளத்து மான்களுக்குக் குடிக்கக் கிடைக்கும். ஆற்றில் குழாயை இறக்கித் தொட்டியை நிரப்புவது செம்பகத்தின் வேலை.

லாரி ஓட்டுவது கொப்பன் என்ற கருமந்தி. அது ஒரு கையால் ஓட்டும், மறு கையால் அத்திப்பழம் தின்னும். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வளைவில் திரும்பும்.

செம்பகத்துக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாளே கேட்டது:

"அண்ணே, பிரேக்கை எதுக்கு ரெண்டு தடவை மிதிக்கிறீங்க?"

"ரெண்டாவது தடவைதான் பிடிக்கும்."

"முதல் தடவை ஏன் பிடிக்கல?"

"அதை லாரிகிட்ட கேளு."

மூன்றாம் நாள் கொப்பன் மூன்று தடவை மிதித்தது. செம்பகம் எண்ணிக்கொண்டே வந்தது. மூன்று எப்படி ஆயிற்று? ஆற்றங்கரையில் லாரி நின்றதும் வண்டிக்கு அடியில் நுழைந்து பார்த்தது. பின்சக்கரத்தின் உள்பக்கத்தில் ஈரம் மினுங்கியது. தொட்டி ஒழுகுகிறதோ என்று மோந்து பார்த்தது. தண்ணீர் இல்லை, எண்ணெய். சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, பிரேக் ஆயில் ஒழுகுது. வந்து பாருங்க."

கொப்பன் இறங்கவில்லை. "இது என்ன என் வண்டியா? கம்பெனி வண்டி. கம்பெனி பார்த்துக்கும்."

கம்பெனி என்றால் மேனேஜர் உடும்பு. செம்பகம் அதனிடம் போய்ச் சொன்னது. உடும்பு பாறை மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் தினசரிப் பரிசோதனை நோட்டு இருந்தது. அந்த வாரம் முழுவதற்கும் 'வண்டி நல்ல நிலை' என்று முன்கூட்டியே எழுதியிருந்தது.

"நாளைக்கு வண்டி எப்படி இருக்கும்னு இன்னைக்கே எப்படிங்க ஐயா தெரியும்?" என்று செம்பகம் கேட்டது.

"போன வருஷம் பூரா ஓடின வண்டிம்மா இது. இப்ப நிறுத்தினா மானுங்க தவிச்சுப் போயிடும். மழை வரட்டும், பார்க்கலாம்."

அது சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. செம்பகம் திரும்பி வந்தது. ஆனால் மனம் ஆறவில்லை.

மறுநாள் காலை லாரி நிறைதண்ணீரோடு இறக்கத்தில் போனது. கொப்பன் வழக்கம்போல வேகமாக விட்டது. கடைசி வளைவு திரும்பியதும் பாதையிலேயே மான்கள் நின்றிருந்தன. தாகம் தாங்காமல் குட்டிகளோடு எதிர்கொண்டு வந்திருந்தன.

கொப்பன் பிரேக்கை மிதித்தது. மூன்று தடவை, நான்கு தடவை, ஐந்து தடவை. கால் அடிவரை போனது, லாரி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தது. அது கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

"இடதுபக்கம் மண்மேடு! அதுல ஏத்துங்க!" என்று செம்பகம் கத்தியது.

கொப்பன் ஒடித்துத் திருப்பியது. லாரி மேட்டில் மோதிச் சாய்ந்தது. தொட்டி பிளந்தது. மான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்பனுக்குத் தோள் இறங்கிவிட்டது. தண்ணீர் முழுவதும் பாதையில் ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு தாய்மான் மண்டியிட்டு அந்தச் சேற்றை நக்கியது. அதைப் பார்த்துக் குட்டியும் நக்கியது. கொப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

லாரியைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் மான்கள் ஆற்றுக்கு நடந்தே போயின. வழியில் சிறுத்தை இருந்தது. போனவற்றில் இரண்டு திரும்பி வரவில்லை.

உடும்பு அந்த நோட்டைச் செம்பகத்திடம் நீட்டியது. "இனிமே நீயே எழுது" என்றது.

செம்பகம் வாங்கவில்லை. "எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. தினமும் யாராவது குனிஞ்சு பார்க்கணும். இத்தனை பேர்ல ஏன் ஒருத்தரும் குனியல?"

உடும்பு நோட்டை மூடிப் பாறை மேல் வைத்தது.

பத்தாம் நாள் காலையில் செம்பகம் ஆற்றங்கரைக்கு வந்தபோது லாரிக்கு அடியில் இரண்டு வால்கள் தெரிந்தன. ஒன்று மந்தியின் வால், இன்னொன்று உடும்பின் வால்.

"செம்பகம், இந்தக் குழாய் எங்கே போகுது?" என்று கொப்பனின் குரல் கேட்டது.

"தெரியலண்ணே, இருங்க, வர்றேன்" என்று செம்பகமும் உள்ளே நுழைந்தது.

பொது வண்டிதானே என்று பழுதைப் பாராமல் கண்மூடி ஓட்டினால், அந்தத் துன்பம் வண்டியில் ஏறாதவர் தலையிலும் விடியும்.