கால் நடந்தால்தான் இங்கிலீஷ் வரும்

நடந்தால் பேசும், நின்றால் ஊமை. அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

கொலுசு என்பீர்கள். மற்ற ஊர்களில் அதுதான் விடை. கோணவாய்க்காலில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கே பச்சைப்பிள்ளைகூட "இங்கிலீஷ்" என்றுதான் சொல்லும்.

அதற்குக் காரணம் உண்டு. டவுனிலிருந்து ஒரு வாத்தியார் மூன்று நாள் வந்து ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். 'கம் இன்' என்று சொல்லி உள்ளே வந்தார். 'கோ அவுட்' என்று சொல்லி வெளியே போனார். 'சிட் டவுன்' என்றால் உட்கார்ந்தார், 'கெட் அப்' என்றால் எழுந்தார். நான்காம் நாள் அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. வரவில்லை.

மூன்று நாளும் அவர் சும்மா நின்றபடி ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதை ஊர் கவனித்து வைத்திருந்தது. கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள்: உடம்பு செய்யாததை வாய் சொன்னால் அது பொய். பொய்யைச் சொந்த பாஷையில் சொல்லிக்கொள்ளலாம். இரவல் பாஷையில் சொல்வது மரியாதை இல்லை.

வெயிலுமுத்துவுக்கு இந்த இங்கிலீஷ் அவசரமாகத் தேவைப்பட்டது. அவர் மகள் இசக்கிக்கு ஆறு வயது. டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரே ஒரு இடம் மிச்சமிருந்தது. அது வேண்டுமானால் பெற்றவர் மூன்று கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். அவர் மனைவிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை.

"எடம் வாங்காம வீட்டுப் பக்கம் வந்துராதீரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மகளோடு கிளம்பியவருக்குத் துணையாக மச்சான் காத்தமுத்துவும் பக்கத்து வீட்டு எட்டியப்பனும் வந்தார்கள்.

தலைமையாசிரியை ஞானசுந்தரி அம்மாள் "கம் இன்" என்றார். நால்வரும் உள்ளே போனார்கள். "சிட் டவுன்" என்றார். உட்கார்ந்தார்கள். வெயிலுமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதுவரை ஒரு பிழை இல்லை.

எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பது முதல் கேள்வி.

'ஐ கம் ஃப்ரம் கோணவாய்க்கால்.' பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் ஆள் நாற்காலியில் அல்லவா இருந்தார்! நாற்காலியில் இருப்பவன் 'வருகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது? வெயிலுமுத்து எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தார். மகளை விட்டுவிட்டு மற்ற இருவரும் பின்னால் ஓடினார்கள்.

"மச்சான், ஊரு பதினாலு கிலோமீட்டரு. போயிட்டு வாரதுக்குள்ள பொழுது அடைஞ்சுருமே" என்றார் காத்தமுத்து.

"பாதி வழி போயிட்டுத் திரும்புனா?"

எட்டியப்பன் தாடையைச் சொறிந்தார். "பாதி வழிக்குப் பாதி வார்த்தைதான் செல்லும் வே. 'ஐ கம்'னு நிப்பாட்டிரணும். எந்த ஊருன்னு டீச்சரம்மா சோசியமா பாப்பாங்க?"

"அப்ப நம்ம ஊரு பஸ்ஸைத் தொட்டுட்டு வந்தா?"

"அது செல்லும். டயர்ல ஊரு மண்ணு இருக்குல்ல."

பஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. வெயிலுமுத்து முன்சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடி வந்தார். மூச்சிரைக்க, "ஐ கம் ஃப்ரம் கோணவாய்க்கால்" என்றார். ஆளுக்கு வயிற்றுக் கோளாறு என்று அதுவரை நினைத்திருந்த ஞானசுந்தரி அம்மாள், அவர் கன்னத்தில் இருந்த கரியைப் பார்த்துக் குழம்பினார். ஆனாலும் "குட்" என்றார்.

காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பது இரண்டாம் கேள்வி. கேட்டு முடிக்கும்போதே தலைமையாசிரியையின் செல்போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போனார்.

எழ வேண்டுமானால் முதலில் படுக்க வேண்டும். வெயிலுமுத்து மேஜைக்கு முன்னால் துண்டை விரித்துப் படுத்தார்.

"தூக்கம் வருதா மச்சான்?"

"வந்துக்கிட்டிருந்துச்சு. நீரு கேட்டதும் போயிட்டு."

"அது கெடக்கட்டும். நீரு எந்திரிக்கது நாலு மணிக்கு. இப்ப மணி பதினொண்ணே காலு. நாளைக்கு விடியிற வரைக்குமா இங்க கெடப்பீரு?"

எட்டியப்பன் சுவரை அண்ணாந்து பார்த்தார். "நாலு மணிகிட்ட நாம போக முடியாது. நாலு மணியை நம்மகிட்டக் கூப்புடலாம்ல?" என்றபடி நாற்காலியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளை நாலுக்குத் தள்ளிவிட்டார்.

பள்ளிக்கூடத்துப் பியூன் கோயில்பிள்ளை முப்பது வருஷமாக அந்தக் கடிகாரத்தைப் பார்த்து மணி அடிப்பவர். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது உண்மைதான். ஆனால் வெயிலைப் பார்த்து மணி அடி என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விடும் லாங் பெல் அடித்தார். நானூறு பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

அதற்குள் கண்ணயர்ந்து, மணிச் சத்தத்தில் விழித்த வெயிலுமுத்து, "ஐ கெட் அப் அட் ஃபோர்" என்று எழுந்தார். பள்ளிக்கூடமே நிசப்தமாக இருந்தது. தன் பதிலை இவ்வளவு அமைதியாகக் கேட்கிறார்களே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

ஞானசுந்தரி அம்மாள் தலையில் கை வைத்தபடி ஓடி வந்தார். "பிள்ளைங்க எல்லாம் எங்க? பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வர்றாரு, வகுப்பைப் பார்க்க! ஐயோ, எதுக்குய்யா உங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடம்?"

வெயிலுமுத்து நிமிர்ந்தார். மூன்றாவது கேள்வி வந்துவிட்டது! இதற்குத்தான் அவர் ஒரு மாதமாகப் பதில் வைத்திருந்தார். 'ஷி வில் கோ அப்.' என் மகள் உயரத்துக்குப் போவாள்.

"புள்ளையைத் தூக்குங்கடே!" என்றார்.

"எம்புட்டு உசரத்துக்கு? நாற்காலி போதுமா?"

"நாற்காலி கிளார்க்கு உசரம் வே."

"மேஜை?"

"தாசில்தாரு. எம்மவ கலெக்டரு."

அறையில் கலெக்டர் உயரத்துக்கு இரும்பு பீரோ ஒன்றுதான் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து இசக்கியை அதன் உச்சியில் ஏற்றினார்கள். "ஷி வில் கோ அப்!" என்று வெயிலுமுத்து கண்கலங்கச் சொன்னார்.

"கம் டவுன்! கம் டவுன்!" என்று கத்தினார் ஞானசுந்தரி அம்மாள்.

ஏறி நின்ற நாற்காலிகளிலிருந்து மூன்று பேரும் உடனே இறங்கினார்கள். இசக்கி இறங்கவில்லை. அவள் இங்கிலீஷ் படித்ததில்லை.

"பிள்ளையை எறக்குங்கய்யா!"

"எறக்குனா நான் சொன்னது பொய்யாயிரும் டீச்சரம்மா. மூணு கேள்விக்கும் சொல்லிட்டேன். எடம் உண்டா இல்லையா? இல்லைன்னா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா."

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஞானசுந்தரி அம்மாள் ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார். பிறகு பீரோவைப் பார்த்தார். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் அப்போது பிள்ளை என்று இருந்தது அது ஒன்றுதான்.

"எடம் உண்டு!" என்று சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். "பெயர் எழுதியாச்சு, அப்பா பெயர் எழுதியாச்சு. கண்ணு, எறங்கி வந்து சட்டுனு ஒரு வகுப்புல உட்காரும்மா. ஒண்ணாம் வகுப்பா, ரெண்டாம் வகுப்பா? நீ எது சொன்னாலும் சரி."

இசக்கி மேலிருந்து திரும்பிப் பார்த்தாள். அறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுப்புச் சுவர், கூரையை எட்டாத சுவர். இந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பின் கரும்பலகை தெரிந்தது. அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பின் கரும்பலகை தெரிந்தது.

"எப்பா, ரெண்டும் இங்கேருந்தே தெரியுது" என்றாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. 'வகுப்பு' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு ஞானசுந்தரி அம்மாள் காத்திருந்தார்.

இசக்கி பீரோவைத் தேர்ந்தெடுத்தாள்.