கருவேலமரம் கொடுத்த நாலாவது முள்

மரமும் மிருகமும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஒரு கண்மாய்க் கரையில் கொல்லர் அரியநாயகமும் அவர் மனைவி உலகம்மையும் கத்தி செய்து வந்தார்கள். அலகை அவர் அடிப்பார். பிடியை அவள் போடுவாள். அலகின் வால்பகுதிக்கு இருபுறமும் மரத்துண்டு வைத்து நாரால் கட்டுவதுதான் அன்றைய வழக்கம். நார் நனைந்தால் தளர்ந்துவிடும், பிடி கையோடு வந்துவிடும்.

ஒருநாள் உலகம்மைக்கு ஒரு யோசனை வந்தது. அலகிலும் மரத்துண்டுகளிலும் நேருக்கு நேராக இரண்டு துளை போட்டாள். அவற்றில் அடிக்க ஆணி வேண்டும். இரும்போ அலகுக்கே பற்றவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் நின்ற கருவேலமரத்திடம் போனாள். அப்போது அதற்குக் கணுவுக்கு ஒரு முள்தான்.

"அண்ணே, காய்ந்த முள்ளாக ஒன்று கொடுங்களேன்."

மரம் முனகிக்கொண்டே கொடுத்தது. அது பருமன், அடித்ததும் பிடி பிளந்துவிட்டது. வேறு மரத்துண்டு வைத்துக்கொண்டு இன்னொரு முள் கேட்டாள். அது மெலிசு, துளைக்குள் கடகடவென்று ஆடியது. மூன்றாவதுதான் சரியான அளவு. விரலால் தள்ளினால் போகவில்லை, சுத்தியலால் மெல்லத் தட்டியதும் இறங்கியது.

"இன்னும் ஒன்று..." என்று இழுத்தாள்.

"மூன்று முள் போச்சு தாயி! என் கொழுந்தை யார் காப்பாற்றுவது? கரையில் மேய்கிற அந்த வெள்ளாட்டைப் பார்த்தாயா? வாயை வைத்தால் மொட்டைதான்."

உலகம்மை ஒரு துளையைக் காலியாகவே விட்டுவிட்டாள்.

மறுநாள் மலைப்பக்கம் பெய்த மழையில் கண்மாய் பெருகியது. அந்த வெள்ளாடு கரையோரக் கொடியில் கொம்பு சிக்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்றது. கரையில் அதன் இரண்டு குட்டிகளும் கத்தின. உலகம்மை கத்தியோடு இறங்கினாள். கொடியில் வைத்து அழுத்தியதும் பிடி அந்த ஒற்றை முள்ளைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. நிமிர்த்தி அழுத்தினாள், மறுபக்கம் திரும்பியது.

"அக்கா, கொடியை அறுக்கச் சொன்னால் கத்தி ஏன் தலையை ஆட்டுது?" என்றது ஆடு. அதற்குள் தண்ணீர் அதன் கழுத்துக்கு ஏறிவிட்டது.

உலகம்மை கரையேறி ஓடினாள். "அண்ணே! ஒரு முள்ளில் பிடி சுற்றுது. இரண்டாவது இருந்தால் அசையாது. நாலாவதாக ஒன்று கொடுங்க, உசிரு போகுது!"

"அந்த ஆட்டுக்கா?" என்றது மரம். "நேற்றுக்கூட என்னைக் கடித்ததே!"

அப்போது குட்டிகளில் ஒன்று தாயிடம் போக நினைத்துத் தண்ணீரில் காலை வைத்தது. மரம் அதைப் பார்த்தது. உச்சிக் கொழுந்தின் அருகில், நன்றாகக் காய்ந்து நேராக நின்ற தன் சிறந்த முள்ளைத் தானே முறித்துக் கீழே போட்டது.

அரியநாயகம் முள்ளைத் துளையில் வைத்துத் தட்டினார். நீட்டிக்கொண்டிருந்த முனையை நறுக்கினார். உலகம்மை பாய்ந்தாள். இம்முறை பிடி அவள் கைக்குள் கல்போல நின்றது. ஈரம் பட்டதும் முட்கள் ஊறி இன்னும் இறுகின. நாலே இழுப்பில் கொடி அறுந்தது.

கரையேறிய ஆடு உடம்பைச் சிலிர்த்து, எல்லோரையும் நனைத்தது. நேராக மரத்தடிக்கு வந்து, காவலில்லாத அந்தக் கொழுந்தை அண்ணாந்து பார்த்தது. மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பயப்படாதீங்கண்ணே, இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்துகிடந்த காய்களைக் குட்டிகளோடு தின்றது ஆடு.

மரம் கிளைகள் குலுங்கச் சிரித்தது. அடுத்த துளிரில் அது கணுவுக்கு இரண்டு முள் விட்டது. "ஒன்று எனக்கு, ஒன்று கேட்டு வருகிறவர்களுக்கு" என்றது உலகம்மையிடம்.

கருவேலமரத்தில் முட்கள் ஜோடி ஜோடியாக முளைப்பதும், கத்திப்பிடிக்கு ஓர் ஆணியோடு நிறுத்தாமல் இரண்டாவதும் அடிப்பதும் அன்று தொடங்கியதுதான்.