முதுகுக்குப் பின்னால் ஒரு மூடி

சிவப்பு ரெக்சினில் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தேன். வாயில் நாலு குண்டூசி. பட்டறை ஓரத்துத் தொட்டிலில் என் பாப்பா தூங்கினாள்.

நாச்சிமுத்து மாமா கையில் சாக்பீசோடு காருக்குள்ளிருந்து தலையை நீட்டி ஜெசிந்தாவைக் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, எத்தனை பெருசுக்கு வெட்டட்டும்?"

கேட்டவருக்கு அறுபது வயது. முப்பது வருஷம் லாரி மெக்கானிக். ரேஸ் கார் வேலை கற்றுக்கொள்ள வந்தவர். சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு. பட்டறையும் அவளுடையது, காரும் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போவதும் அவள்தான். கேட்க அவருக்கும் கூச்சமில்லை, சொல்ல அவளுக்கும் கூச்சமில்லை. கூச்சமெல்லாம் எனக்குத்தான்.

அந்தக் காருக்கு எஞ்சின் சீட்டுக்குப் பின்னால். நடுவில், சூடும் தீயும் முதுகுக்கு வராமல் தடுக்க ஒரு தகரச் சுவர். எஞ்சின் பெல்ட் அறுந்தால், எஞ்சினையே கீழே இறக்கித்தான் மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலை.

ரேஸில் இரண்டு ஓட்டம். இடையில் ஒரு மணி நேரம்தான். போன தடவை முதல் ஓட்டத்தில் ஜெயித்தவள், பெல்ட் அறுந்து, இரண்டாவதை வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தாள்.

அதனால்தான் சுவரில் ஒரு வழி வெட்டச் சொல்லியிருந்தாள். மாமா அடுப்படி ஜன்னல் அளவுக்குக் கோடு போட்டிருந்தார். இரண்டு கையும் தாராளமாகப் போகுமாம்.

ஜெசிந்தா கோட்டைப் பார்த்தாள். சீட்டில் ஏறி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என் முதுகை விட்டுட்டு மிச்சத்தை வெட்டுங்க மாமா."

மாமா இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

மிச்சம் என்று ஒன்றும் இல்லை.

சாக்பீசைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் என் வீட்டு வாசலில் நின்றார். குக்கர் மூடி வேண்டுமாம். வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் வளையத்தைக் கட்டைவிரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். அன்று எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மூடியோடு வந்தார். இரண்டு தகடு, நடுவில் சூடு தாங்குகிற பஞ்சு, குக்கர் வளையம் மாதிரி ஓரமெல்லாம் பட்டை. சுவரில் இன்னும் ஓட்டையே இல்லை.

"தலை எங்கேன்னு தெரியல, அதுக்குள்ள தொப்பி தச்சாச்சு" என்றார் பக்கத்து லேத்துக்காரர்.

மாமா மூடியின் ஒரு பக்கம் கேஸ் தீயைக் காட்டினார். மறுபக்கம் தன் உள்ளங்கையை வைத்தார். இருபது எண்ணுவதற்குள் கையை உதறினார். இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார். மறுபடியும் உதறினார். மூன்றாவது தடவை, லேத்துக்காரர் ஒரு டீயைக் குடித்து முடிக்கும்வரை கை அங்கேயே இருந்தது.

அப்புறம்தான் பழைய கோட்டை அழித்தார். ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் சுவரை வெட்டி, மூடியை எட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினார்.

சனிக்கிழமை அந்த வழியாகக் கையை விட்டு முக்கால் மணியில் பெல்ட்டை மாற்றிக் காட்டினார்.

"பெல்ட் சரிங்க மாமா. சுவரு சூடு தாங்குமா?" என்றாள் ஜெசிந்தா.

மாமா சீட்டில் ஏறி மூடியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கையாட்டினார்.

ஜெசிந்தா ஸ்டார்ட் செய்துவிட்டுப் பின்னால் போய், ஆக்சிலேட்டர் ஒயரை இழுத்து இழுத்து எஞ்சினைக் கத்தவிட்டாள். பாப்பா அசையவில்லை. பட்டறையில் வளர்கிற பிள்ளை, சத்தம் நின்றால்தான் முழிக்கும்.

அரை மணி நேரம் போனது.

"சுடுதுங்களா மாமா?"

மறுபடி கேட்டாள். உறையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்த நானும் வாயில் குண்டூசியோடு வந்து குனிந்து பார்த்தேன்.

வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா எஞ்சினை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி, "கோகிலா, உறையக் கொண்டா. எழுப்பாம மாட்டிருவோம்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. வாயிலிருந்த குண்டூசிகளைக் கையில் எடுத்தேன்.

"ஜெசிந்தா, ஒரு சுவத்தைத் தொறக்கோணும்னா மொதல்ல மூடியத்தான்..." என்று நான் ஆரம்பிக்கவும், தொட்டிலிலிருந்து பாப்பா "ம்மா" என்று கூப்பிடவும் சரியாக இருந்தது. ஊசிகளை அப்படியே ரெக்சினில் குத்திவிட்டுத் தொட்டிலுக்கு ஓடினேன்.