கலங்கிய மடுவும் நீர்நாயின் மீசையும்

மலைகளுக்குப் பெயர் வைக்க ஆளில்லாத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். அந்த மலைகளுக்கு நடுவே ஓடிய ஆற்றில் ஆழமான மடு ஒன்று இருந்தது. கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கூழாங்கற்களை எண்ணலாம். அவ்வளவு தெளிந்த தண்ணீர். வானத்தில் மேகம் போனால் மடுவுக்குள்ளும் ஒரு மேகம் போகும். அந்த மேகத்தின் ஊடே மீன்கள் நீந்தும்.

அங்கே ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவன் வேங்கன். இந்தக் கரையில் இருந்தபடியே அந்தக் கரை மீனின் செதிலைப் பார்த்துவிடுவான். அவன் காட்டிய இடத்தில் மற்றவர்கள் பாய்வார்கள். கண்ணால் கிடைத்த தலைமை. கண்ணைப் பற்றி அவனுக்குக் கர்வமும் உண்டு.

ஒரு மழைக்காலத்தில் மலைச்சரிவு இடிந்து ஆற்றில் விழுந்தது. மழை நின்றது, வெயிலும் வந்தது. தண்ணீர் மட்டும் தெளியவே இல்லை. செம்மண் கரைந்த மடுவில் மூழ்கினால் தன் கையே தனக்குத் தெரியாது.

முதல் நாள் வேங்கன் கண்ணை அகல விரித்து மூழ்கினான், வெறுங்கையோடு வந்தான். இரண்டாம் நாள் இன்னும் அகல விரித்தான். கண் எரிந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் குட்டிகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அவன் மனைவி மின்னி மெல்லச் சொன்னாள்: "கலங்கல்ல நீந்தும்போது என் மீசை சிலிர்க்குதுங்க. பக்கத்துல ஏதோ போற மாதிரி இருக்கு. ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு முங்கிப் பாருங்களேன்."

"கண்ணை மூடிக்கிட்டு வேட்டையா? கேட்டா சிரிப்பாங்க. மீசை அழகுக்குத்தான் மின்னி."

அவள் நண்டு தேடி மேலே ஓடைப் பக்கம் போனாள். மற்றவர்களும் கூடப் போனார்கள்.

அப்போதுதான் வேங்கனின் கடைக்குட்டி துளிர், பசி மயக்கத்தில் பாறையிலிருந்து வழுக்கி மடுவில் விழுந்தது.

வேங்கன் பாய்ந்தான். எங்கும் சிவப்பு. மேலே வந்து மறுபடி மூழ்கினான். அந்தச் சிவப்புக்கு அடியில் இன்னும் அடர்ந்த சிவப்பு. மூன்றாம் முறை அழுதுகொண்டே இறங்கினான். எரிந்துபோன கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

மூடியதும் மடுவே வேறொன்றாகிவிட்டது. தண்ணீர் அவன் முகத்தில் முணுமுணுத்தது. மீசை நுனியில் சோம்பலாக ஓர் அசைவு, அமிழ்ந்துகொண்டிருந்த இலை. வழவழவென்று இன்னோர் அசைவு, கொழுத்த மீன். மூன்று நாள் பட்டினியோடு அதை விட்டுவிட்டான். எங்கோ கீழே, நின்று நின்று, ஒரு சின்னத் துடிப்பு. அது பிஞ்சுக் கால்களின் உதைப்பு.

அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டே போனான். குட்டியைக் கவ்விக்கொண்டு மேலே வந்தான்.

துளிர் தண்ணீரைக் கக்கி, தும்மி, அழுதது. சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் வேங்கன் தலைகுனிந்து சொன்னான்: "மின்னி, நீ சொன்னதுதான் சரி. என் கர்வத்துல பிள்ளையையே தொலைச்சிருப்பேன்."

மின்னி குட்டியை நக்கிக் காயவைத்தாள். பிறகு சொன்னாள்: "போதும் விடுங்க. பிள்ளைகளுக்குப் பசிக்குது. வாங்க, முங்கலாம்."

இருவரும் கண்ணை மூடிக்கொண்டு மூழ்கினார்கள். மேலே வந்தபோது இரண்டு வாயிலும் மீன் துள்ளியது.

நிலைமை மாறும்போது பழைய திறமையையே பிடித்துக்கொண்டு நிற்காமல், தன்னிடம் உறங்கும் வேறொரு திறமையை எழுப்பிக்கொள்பவரே பிழைப்பார்.